சோழவரம், மீஞ்சூர் பக்கம் ஒன்றரை ஏக்கரில் இயற்கைக் காய்கறி: எதிலிருந்து தொடங்குவது?

முதலில் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சென்னைக்கு வடக்கே, சோழவரத்துக்கும் மீஞ்சூருக்கும் நடுவில் ஒரு கிராமம். அப்பா ஒன்றரை ஏக்கரில் கீரை, கத்தரி, வெண்டை போடுகிறார். அரை ஏக்கர் சொந்தம், ஒரு ஏக்கர் குத்தகை, போர் தண்ணீர். யூரியாவையும் மருந்தையும் விட்டுவிட்டு முழுசாக இயற்கைக்கு மாறிவிடலாம் என்கிறார் மகன். குடும்பம் நடக்க வேண்டாமா என்கிறார் அப்பா. ஒரேயடியாக மாறலாமா, மகசூல் எவ்வளவு விழும், சான்றிதழ் எப்படி வாங்குவது, யாரிடம் விற்பது என்று மகன் கேட்டிருக்கிறார்.

தம்பி, ஒரேயடியாக மாற வேண்டாம். ஆனால் மாறுங்கள். வருகிற ஆடிப் பட்டத்தில் சொந்த நிலத்தில் 20 சென்டில் தொடங்குங்கள். மீதியில் அப்பா இப்போது செய்வதையே செய்யட்டும், ஒரு விஷயத்தைத் தவிர. மோனோகுரோட்டோபாஸ் போன்ற மருந்து இன்னும் வீட்டில் இருந்தால் அது காய்கறிப் பக்கமே போகக் கூடாது. காய்கறியில் அதை அடிக்க 2005-லேயே தடை போட்டாகிவிட்டது. மற்ற மருந்துகளுக்கும் டப்பாவில் போட்டிருக்கும் காத்திருப்புக் காலத்தை மதிக்க வேண்டும். இன்று அடித்து நாளை மறுநாள் அறுக்கிற பழக்கம் நின்றாலே, வாங்கிச் சாப்பிடுகிறவர்களுக்குப் பெரிய உபகாரம்.

எங்கும் சொல்வது போல "ரசாயனத்தை நிறுத்து, ஜீவாமிர்தம் (சாணம், கோமியம், வெல்லம் கலந்த கரைசல்) ஊற்று" என்று உங்களுக்குச் சொல்ல முடியாது. ஈரோட்டிலோ திண்டுக்கல்லிலோ இருக்கிறவருக்கு அது முதல் படியாக இருக்கலாம். நம் வட்டாரத்தில் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர். அப்புறம் வாங்குகிற ஆள். உரம், மருந்து எல்லாம் மூன்றாவதாகத்தான் வரும். இந்த வரிசையைத் தலைகீழாகப் போட்டவர்கள் பலர் இரண்டே வருடத்தில் கைவிட்டதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு மண்ணில் குறை இல்லை, உழைப்பிலும் குறை இல்லை.

தண்ணீர் ஏன் முதலில் என்றால், அதற்குப் பெரிய கதை உண்டு. ஆரணியாறு, கொசஸ்தலையாறு படுகையில் 1960-களில் ஐ.நா. உதவியோடு நிலத்தடி நீரை ஆராய்ந்து, மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் என்று வரிசையாகக் கிணறுகள் போட்டார்கள். சென்னை நகரத்துக்கும் மணலித் தொழிற்சாலைகளுக்கும் அங்கிருந்துதான் தண்ணீர் போனது. மழை நிரப்புகிற அளவுக்கு மேல் இழுத்ததில், கடலை ஒட்டிய மீஞ்சூர்ப் பக்கம் உப்பு உள்ளே வர ஆரம்பித்தது. 1960-களின் கடைசியிலேயே அது தெரிந்துவிட்டது. பிறகு 2010-ல் காட்டுப்பள்ளியில், கடல்நீரையே குடிநீராக்க, நாளுக்கு 10 கோடி லிட்டர் ஆலை வந்தது. ஆனால் உள்ளே வந்த உப்பு அவ்வளவு சுலபமாகத் திரும்பிப் போகாது. அதனால் உங்கள் ஊரில் ஒரு தெருவில் நல்ல தண்ணீரும் அடுத்த வயலில் சவர் தண்ணீரும் இருக்கும். பக்கத்து வீட்டுப் போரை வைத்து உங்கள் போரை முடிவு செய்யாதீர்கள்.

போர் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக் கொண்டுபோய் இ.சி. என்கிற மின்கடத்தும் திறனையும் (உப்பின் அளவைக் காட்டுவது இதுதான்) பி.எச். என்கிற அமில, கார அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். பிடிப்பதற்கு முன் மோட்டாரை அரை மணி நேரம் ஓட விடுங்கள். குழாயில் தங்கின தண்ணீரைக் கொடுத்தால் கணக்கு தப்பும். மாவட்ட மண் பரிசோதனை நிலையத்தில் செய்வார்கள். திரூரில் நெல் ஆராய்ச்சி நிலைய வளாகத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, அங்கேயும் கேட்கலாம். சித்திரைக் கடைசியில் ஒரு முறை, மார்கழியில் மழை நின்றபின் ஒரு முறை என்று இரண்டு தடவை பார்த்தால்தான் உங்கள் போரின் குணம் தெரியும். கோடையில் உப்பு ஏறும், மழைக்கு இறங்கும்.

வருகிற எண்ணை இப்படிப் படியுங்கள். பாசனத் தண்ணீரில் இருப்பதைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு உப்பு வேர்ப்பகுதி மண்ணில் சேரும். மண்ணின் இ.சி. (dS/m அளவில்) 1-ஐத் தாண்டினாலே பீன்ஸ் மகசூல் குறையத் தொடங்கும். தக்காளி 2.5 வரை பொறுக்கும். பீட்ரூட் 4 வரைகூடத் தாங்கும். பீட்ரூட்டின் உறவான பாலக்கும் சவர் தண்ணீரில் ஓரளவு நன்றாகவே வரும். தண்ணீரின் இ.சி. 1-க்குக் கீழே இருந்தால் உங்களுக்குப் பெரிய கவலை இல்லை. 2-ஐத் தாண்டினால் வெண்டையையும் அவரையையும் கோடையில் விட்டுவிட்டு, மழைக்காலத்தை ஒட்டி மட்டும் போடுங்கள். இயற்கை முறைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். சம்பந்தம் நிறைய. உப்பு மண்ணில் நுண்ணுயிர் மந்தமாகத்தான் வேலை செய்யும், எருவிலிருந்து சத்து பிரிந்து வருவது தாமதப்படும். யூரியா கொடுத்தவரைக்கும் ஓடிய பயிர், எருவுக்கு மாறியதும் அப்படியே நிற்கும். உடனே "இயற்கை முறை நம் ஊருக்கு ஒத்துவராது" என்று பேச்சு வந்துவிடும்.

உப்புக்கு வழி உண்டு. ஆடி, ஆவணியில் தக்கைப்பூண்டு விதைத்து, 45 நாளில் பூவெடுக்கும்போது மடக்கி உழுதுவிடுங்கள். ஏக்கருக்கு 20 கிலோ விதை போதும். சவர் நிலத்தைத் தாங்குகிற பசுந்தாள் அதுதான், தழைச்சத்தையும் சேர்த்துக் கொடுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வரப்பைக் கட்டி, மழைத் தண்ணீரை வயலிலேயே நிறுத்தி உப்பைக் கீழே இறக்க வேண்டும். தண்ணீர் தேங்கி அழுகிவிடுமே என்றால், பயிர் இருக்கிற இடத்தில் மட்டும் மேட்டுப்பாத்தி போடுங்கள். காலியாக இருக்கிற இடத்தில் தண்ணீர் நிற்கட்டும். சொட்டுநீர் போட்டால் உப்பை வேரை விட்டு ஓரத்துக்குத் தள்ளும். சிறு, குறு விவசாயிக்குத் தமிழ்நாட்டில் சொட்டுநீருக்கு முழு மானியம் இருக்கிறது, அதை விடாதீர்கள்.

இதைவிடக் கசப்பான விஷயம் ஒன்று. உப்பு நாக்குக்குத் தெரியும். ஈயமும் காட்மியமும் தெரியாது. மணலி, எண்ணூர், கொடுங்கையூர் என்று தொழிற்சாலை, சாம்பல் குளம், குப்பைமேடு எல்லாம் இந்தப் பக்கம்தான் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். பக்கிங்ஹாம் கால்வாயிலிருந்தோ கொசஸ்தலையாற்றின் கீழ்ப்பகுதியிலிருந்தோ கழிவுநீர் ஓடையிலிருந்தோ தண்ணீர் இறைத்துக் கீரை போட்டால், யூரியா ஒரு பொட்டுகூடப் போடாவிட்டாலும் அதை நல்ல கீரை என்று என்னால் சொல்ல முடியாது. காய்களைவிட இலைகளில்தான் இந்த உலோகங்கள் அதிகம் சேரும். கீரைகளில் கிலோவுக்கு ஈயம் 0.3 மில்லிகிராம், காட்மியம் 0.2 மில்லிகிராம் என்பது கோடெக்ஸ் என்கிற சர்வதேச உணவுத்தர அமைப்பின் வரம்பு. அரசு கொடுக்கிற மண்வள அட்டையில் இவை வராது. அதில் பி.எச்., இ.சி., கரிமம், தழை, மணி, சாம்பல் சத்து, துத்தநாகம், இரும்பு மாதிரி நுண்சத்து என்று மொத்தம் 12 அளவுகள்தான். ஈயம், காட்மியத்துக்குத் தனியாகப் பணம் கட்டி ஆய்வகத்தில் கொடுக்க வேண்டும். சோழவரம் மேற்கே என்றால் அவசியம் குறைவு. மணலி புதுநகர், அத்திப்பட்டு, நாப்பாளையம் பக்கம் இருக்கிறவர்கள் கீரை போடுவதற்கு முன் ஒரு தடவையாவது செய்தே ஆக வேண்டும். நான்கைந்து பேர் சேர்ந்து செலவைப் பகிர்ந்துகொள்ளலாம். எண் கூடுதலாக வந்தால் கீரையை விட்டுவிட்டுப் பூவோ, கன்றுகள் வளர்க்கும் நர்சரியோ பார்க்கலாம். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

இதனால்தான் ஆகாயத்தாமரையை அள்ளி மக்க வைக்கிற யோசனையையும் நான் ஆதரிப்பதில்லை. ரெட்டேரியிலும் கால்வாய்களிலும் மலைபோலக் கிடக்கிறது, இலவசம்தான். ஆனால் தண்ணீரில் இருக்கிற உலோகத்தை உறிஞ்சி வைத்துக்கொள்வதில் அந்தச் செடி கெட்டிக்காரச் செடி. அழுக்குத் தண்ணீரில் வளர்ந்ததை உங்கள் பாத்தியில் போடாதீர்கள். நகரக் குப்பையிலிருந்து வரும் எருவுக்கும் இதே எச்சரிக்கை. உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி அதில் ஈயம் கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்கும், காட்மியம் 5 மில்லிகிராமுக்கும் மேல் இருக்கக் கூடாது. பரிசோதனைச் சீட்டு காட்டினால் வாங்குங்கள், இல்லையென்றால் வேண்டாம்.

சரி, தண்ணீர் தேறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இப்போது மகசூல் கேள்விக்கு வருகிறேன். ஒரு கணக்குப் போட்டால் எல்லாம் தெளிந்துவிடும்.

யூரியா மூட்டை 45 கிலோ. அதில் 46 சதவீதம் தழைச்சத்து, அதாவது 20 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். அதே தழைச்சத்தைத் தொழு உரத்தில் கொடுக்க, அதில் அரை சதவீதம் இருப்பதாக எடுத்துக்கொண்டால், 4 டன் வேண்டும். கடலைப் பிண்ணாக்கில் 7 சதவீதம் என்றால் சுமார் 300 கிலோ. வேப்பம் பிண்ணாக்கில் 5 சதவீதம் என்றால் 400 கிலோ. இப்போது 200 லிட்டர் ஜீவாமிர்தத்தைப் பாருங்கள்: 10 கிலோ சாணம், 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ஒரு கைப்பிடி வரப்பு மண். இத்தனையிலும் சேர்த்துத் தழைச்சத்து கால் கிலோகூடத் தேறாது. ஜீவாமிர்தம் வீண் என்று நான் சொல்லவில்லை. மண்ணில் உயிர் பெருக அது உதவுகிறது, நானே பரிந்துரைக்கிறேன். ஆனால் யூரியா மூட்டைக்குப் பதிலாக ஒரு டிரம் ஜீவாமிர்தம் என்று எண்ணினால் வயல் வெளிறிப்போகும். மாறுகிற முதல் வருடத்தில் கீரை மஞ்சள் தட்டுகிறது, கட்டு சிறுத்துவிட்டது என்று வருகிற புகார்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் இதுதான். அதனால் காய்கறி நிலத்துக்கு ஏக்கருக்கு 10 டன் மக்கிய எரு என்கிற சிபாரிசை முழுசாகக் கொடுங்கள். 20 சென்டுக்கு அது 2 டன்தான் ஆகிறது. ஒன்றரை ஏக்கருக்கும் சேர்த்து 15 டன் எரு இந்த ஊரில் நல்லதாகக் கிடைப்பது கஷ்டம். சின்னதாகத் தொடங்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

முதல் வருடம் விளைச்சல் குறையும், அதை மறைக்க விரும்பவில்லை. எவ்வளவு என்பது எருவின் அளவையும் மண்ணின் பழைய நிலையையும் பொறுத்தது. எருவும் பசுந்தாளும் தாராளமாகக் கொடுத்த இடத்தில் இரண்டாவது, மூன்றாவது வருடம் கீரை பழைய அளவுக்கு வந்துவிடும். கத்தரி, வெண்டைக்கு இன்னும் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

எருவுக்கு நம் பக்கத்தில் மற்றவர்களுக்கு இல்லாத சில வசதிகள் இருக்கின்றன. காசிமேட்டில் மீன் தலையும் குடலும் தினமும் கூடை கூடையாகப் போகிறது. ஐஸும் உப்பும் போகக் கழுவி, மீன் கழிவின் எடைக்குச் சமமாக நாட்டு வெல்லம் போட்டு, மூடி நிழலில் வைத்தால், மூன்று நான்கு வாரத்தில் மீன் அமிலம் தயார். நாற்றம் போய்ப் பழ வாசனை அடிக்கும், அதுதான் அடையாளம். 10 லிட்டர் தண்ணீருக்கு 50 மில்லி கலந்து வேரில் விட்டால், கீரை அறுத்தபின் துளிர் நன்றாக வரும். உப்புக் கருவாட்டுக் கழிவு மட்டும் வேண்டாம், ஏற்கெனவே இருக்கிற உப்பு போதும். அடுத்தது செங்குன்றம் ரைஸ்மில் உமி. பாத்திக்கு மேல் மெல்லிசாகப் பரப்பினால் ஈரம் நிற்கும், களையும் குறையும். மில் சாம்பலை அளவோடு வையுங்கள். நம் மண் பல இடத்தில் ஏற்கெனவே கார மண், சாம்பல் அதை இன்னும் ஏற்றும்.

மாட்டுக் கொட்டகைகளிலிருந்து சாணம் கிடைக்கும். ஆனால் பச்சைச் சாணத்தைக் கீரைக்குப் போடாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இயற்கை விவசாயக் கூட்டங்களில்கூட இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. சிறுகீரையும் முளைக்கீரையும் 25 நாளில் அறுவடைக்கு வந்துவிடும். சாணத்தில் இருக்கிற வயிற்றுப்போக்குக் கிருமிகள் சாக அந்த நாள் போதாது. மண்ணைத் தொடுகிற விளைபொருளுக்குப் பச்சைச் சாணம் போட்டால் அறுவடைக்கு முன் 120 நாள் இடைவெளி வேண்டும் என்கிறது அமெரிக்க இயற்கை வேளாண் விதி. நாம் அதைத் தாண்டி மெத்தனமாக இருப்பதற்கு நியாயம் இல்லை. சாணத்தைக் காய்ந்த இலை, வைக்கோலோடு அடுக்கிக் குவித்து, உள்ளே கை வைக்க முடியாத அளவுக்குச் சூடு ஏற வைத்து, இரண்டு மூன்று தடவை கிளறிவிட்டு, கறுத்து உதிரியாக வந்தபின் போடுங்கள். ஜீவாமிர்தம், பஞ்சகவ்யத்தைக் கீரைக்கு விதைப்புக்கு முன்னும், இலை வருவதற்கு முன்னும் மண்ணில் விடுங்கள். அறுக்கப்போகிற இலையில் தெளிக்க வேண்டாம். அறுத்த கட்டுகளைக் குட்டையிலோ வாய்க்காலிலோ முக்கி எடுக்கிற பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். போர் தண்ணீரில் அலசுங்கள். பச்சிளம் குழந்தைக்கு அந்தக் கீரையைத்தான் மசித்து ஊட்டுகிறார்கள்.

பூச்சிக்கு வருவோம். கீரையில் பெரிய சண்டை இல்லை, இலை பின்னும் புழுவும் வெள்ளைத் துருவும்தான். நெருக்கமாக விதைக்காமல், மாலையில் இலை நனையப் பாய்ச்சாமல் இருந்தால் பாதி தீர்ந்தது. வெண்டையில் நரம்பு மஞ்சளாகிற நோயை வெள்ளை ஈ பரப்புகிறது. வரப்பைச் சுற்றி மூன்று வரிசை சோளமோ கம்போ விதைத்துவிட்டு, மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டி, மஞ்சளான செடியைத் தயவு பார்க்காமல் பிடுங்கிவிட வேண்டும். அந்தச் சோள வரிசை பக்கத்து வயலில் அடிக்கிற மருந்து காற்றில் வருவதையும் தடுக்கும்.

கத்தரிதான் சோதனை. அப்பா பயப்படுவதும் அதற்குத்தான் என்று நினைக்கிறேன். தண்டு, காய்த்துளைப்பான் வந்துவிட்டால் வாரம் இரண்டு தடவை மருந்தடித்தும் அடங்காத இடங்கள் இருக்கின்றன. காரணம், புழு தண்டுக்குள் போனபின் மருந்து அதன் மேல் படாது. அதனால் இதில் இயற்கை முறைக்காரருக்கு நஷ்டம் ஒன்றும் கூடுதல் இல்லை, ஒழுங்கு மட்டும் கூடுதல் வேண்டும். நட்டு மூன்று நான்கு வாரத்திலிருந்து காலையில் வரிசையாக நடந்து பாருங்கள். மற்ற நுனியெல்லாம் நிமிர்ந்து நிற்கும்போது ஒன்று மட்டும் வாடித் தலை தொங்கும். அதற்குக் கீழே தண்டில் குண்டூசித் தலை அளவு ஓட்டை, வாயில் பழுப்பாகக் கழிவு அடைத்திருக்கும். ஓட்டைக்கு ஓர் அங்குலம் கீழே வெட்டி நெடுக்காகப் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்புப் புழு. வெட்டியதை வரப்பில் வீசினால் அது அங்கேயே கூட்டுப்புழுவாகித் திரும்ப வரும். பையில் போட்டு எடுத்துவந்து எரித்துவிட வேண்டும். வாரம் தவறாமல் இதைச் செய்து, ஏக்கருக்கு ஐந்து இனக்கவர்ச்சிப் பொறி வைத்து, வேப்பங்கொட்டைச் சாறு 5 சதவீதம் மாலையில் அடித்தால் கட்டுக்குள் இருக்கும். சாறுக்குக் கணக்கு, 10 லிட்டர் டேங்குக்கு அரை கிலோ பருப்பு. இடித்து இரவு ஊற வைத்து, வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேருங்கள். பழைய கத்தரித் தட்டையை வயலில் நிற்கவிட்டு அதன் பக்கத்திலேயே புதுக் கத்தரி நடாதீர்கள். முதல் வருடம் 20 சென்டில் கத்தரி நூறு செடிக்கு மேல் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

செலவில் உங்களைத் தாக்கப்போவது பூச்சி இல்லை, களை வெட்டுக் கூலி. இங்கே ஆட்கள் கம்பெனிக்கும் குடோனுக்கும் போய்விடுகிறார்கள். கோரை உள்ள நிலமாக இருந்தால் கோடையில் இரண்டு உழவு ஓட்டிக் கிழங்கை வெயிலில் காயவிடுங்கள். உமி மூடாக்கை அவசியம் போடுங்கள்.

குத்தகை நிலத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். வாய்வார்த்தைக் குத்தகையில் மூன்று வருடம் எருவைக் கொட்டி மண்ணைத் தேற்றி வைத்தபின், நிலம் மனைப்பிரிவாகப் போய்விடுகிறது. நம் பக்கம் அது எப்போது நடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. எழுத்துப்பூர்வமாக மூன்று வருடத்துக்காவது போட்டுத் தரச் சொல்லுங்கள். அது கிடைக்காதவரை எரு, சொட்டுநீர், வரப்பு மரம் எல்லாம் சொந்த அரை ஏக்கருக்கு. குத்தகை நிலத்தில் பசுந்தாளும் பயிர் சுழற்சியும் போதும்.

விற்பனைக்கு வருகிறேன். கமிஷன் மண்டியில் இயற்கைக் கத்தரிக்கும் மருந்தடித்த கத்தரிக்கும் ஒரே விலை. சொத்தை இருந்தால் உங்களுக்குத்தான் விலை குறையும். அதனால் விதை போடுவதற்கு முன் வாங்குகிற வீடுகளைப் பிடிக்க வேண்டும். பெரம்பூர், கொளத்தூர், மாதவரம் அடுக்குமாடிகளில் ஐம்பது வீடு சேர்த்தால் தொடங்கிவிடலாம். வீட்டுக்கு வாரம் நாலு கட்டு என்றால் 200 கட்டு. அதற்கு ஒரே நாளில் விதைக்கக் கூடாது. வாரம் ஒரு பாத்தி என்று நாலு பாத்தி மாற்றி மாற்றி விதைத்தால் சிறுகீரை விடாமல் வரும். அரைக்கீரையை ஒரு தடவை விதைத்துத் திரும்பத் திரும்ப அறுக்கலாம். ஓர் ஓரத்தில் மணத்தக்காளி, பொன்னாங்கண்ணி, நாலு முருங்கை. சாயங்காலம் அறுத்து, ஈரத்துணி போட்டு வைத்து, விடியற்காலை கொண்டுபோய்விடுங்கள். கும்மிடிப்பூண்டி லைனில் மீஞ்சூரிலிருந்து திருவொற்றியூர், கொருக்குப்பேட்டை வரை கூடையோடு போகிற அக்காக்கள் இருக்கிறார்கள் அல்லவா, அவர்களில் ஒருவரிடம் பேசிப் பாருங்கள். தெருவை அவர்களுக்குத் தெரியும், தெருவும் அவர்களை நம்பும். செங்குன்றத்தை ஒட்டி நாரவாரிகுப்பத்தில் உழவர் சந்தை இருக்கிறது, உழவர் அடையாள அட்டை எடுத்துவைத்தால் மிச்சமாகும் காய்க்கு அது வழி.

விலையில் ஒரு வேண்டுகோள். இயற்கைக் காய்கறி என்றாலே அடையாறு, திருவான்மியூர்க் கடைகள் என்று ஆகிவிட்டது. புகையும் சாம்பலும் வடசென்னைக்கு, நல்ல கீரை தென்சென்னைக்கு என்று இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. தண்டையார்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் இருக்கிறவர்கள் கட்டுக்கு இரண்டு மூன்று ரூபாய் அதிகம் கொடுப்பார்கள், இரட்டிப்பு விலை கொடுக்க முடியாது. மண்டிக் கமிஷனும் இறக்குக்கூலியும் மிச்சமாவதால் அந்த இரண்டு மூன்று ரூபாயே உங்களுக்குக் கட்டும். போட்டுப் பாருங்கள், கணக்கு வரும்.

சான்றிதழுக்கு இப்போது அலைய வேண்டாம். 2017-ல் வந்த இயற்கை உணவு விதிகளின்படி, உற்பத்தி செய்கிற சிறு விவசாயியே சாப்பிடுகிறவருக்கு நேரடியாக விற்றால் சான்றிதழ் கட்டாயம் இல்லை. இயற்கை உணவுக்கான ஜைவிக் பாரத் அரசு முத்திரையைப் போடக் கூடாது, அவ்வளவுதான். பின்னால் வேண்டுமென்றால் இரண்டு வழி. பி.ஜி.எஸ். என்கிற பங்கேற்பு உறுதி முறையில் குறைந்தது ஐந்து விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் வயலை ஒருவர் பார்த்து உறுதி சொல்ல வேண்டும். செலவு குறைவு, ஆனால் நிலத்தில் ஒரு துண்டை மட்டும் இயற்கை என்று காட்ட முடியாது, முழுவதும் மாறியாக வேண்டும். இன்னொன்று, மாநில விதைச்சான்று மற்றும் அங்ககச்சான்றுத் துறை மூலம் வாங்குவது. காய்கறி போன்ற பருவப் பயிருக்கு இரண்டு வருட மாறுதல் காலம் உண்டு, பதிவேடு எழுத வேண்டும். எந்த வழியாக இருந்தாலும் இன்றைக்கே ஒரு நோட்டுப் போடுங்கள். எந்தப் பாத்தியில் எந்தத் தேதி என்ன விதைத்தோம், என்ன போட்டோம், எத்தனை கட்டு வந்தது என்று எழுதிவாருங்கள். வாங்குகிறவர்களை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வயலுக்கு வரச் சொல்லி அந்த நோட்டைக் காட்டுங்கள்.

அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை. அவரை எதிர்த்து இதைச் செய்யாதீர்கள், 20 சென்டை அவர் கையிலேயே கொடுங்கள். யூரியா வருவதற்கு முன்னால் வயலில் கிடை போட்டு ஆடு கட்டியது, கொழிஞ்சித் தழை அறுத்துப் போட்டது எல்லாம் அவர் வயதுக்காரர்கள் பார்த்து வளர்ந்தவைதான். மண்வெட்டியைப் பிடித்துப் பாத்தி ஈரத்தைச் சொல்கிற ஆளுக்கு நீங்களும் நானும் சொல்லித்தர அதிகம் இல்லை. நீங்கள் விற்பனையையும் நோட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது தண்ணீர்ப் பரிசோதனை மட்டும்தான். தக்கைப்பூண்டு விதைக்கும் சொல்லி வையுங்கள், ஆடி நெருங்கினால் கிடைப்பது சிரமம். இ.சி. எண்ணும் பி.எச். எண்ணும் கைக்கு வந்ததும் இங்கேயே எழுதுங்கள். எந்தப் பாத்தியில் எதை முதலில் விதைப்பது என்பதை அந்த எண்களை வைத்துக்கொண்டு பேசலாம்.